மாவு அரைப்பதா, வாங்குவதா, வேறு வழி பார்ப்பதா? வேலைநாள் காலைக்கு ஒரு கணக்கு

போன மாதம் அண்ணன் மகள் சென்னையிலிருந்து அழைத்தாள். கல்யாணமாகி நான்கு மாதம். இருவருக்கும் வேலை; எட்டு மணிக்குக் கதவைப் பூட்டினால்தான் ரயிலைப் பிடிக்க முடியும். சீர்வரிசைப் பட்டியலில் கிரைண்டரை அடித்துவிட்டவள் அவளேதான். இப்போது, "சித்தப்பா, கிரைண்டர் ஒன்று வாங்கிவிடலாமா? பாக்கெட் மாவு அலுத்துவிட்டது. இவரோ ஓட்ஸுக்கே போய்விடலாம் என்கிறார்" என்று கேட்டாள். என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. திருச்சியில் எங்கள் வீட்டில் ஆறு வருடமாக மாவு அரைப்பவன் நான்தான்.

அரை மணி நேரம் பேசினேன். பேசி முடித்த பிறகுதான் ஒரு பதிலும் சொல்லவில்லை என்று உறைத்தது. அலுவலகத்திலும் இதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். ஆகவே இந்த முறை வரிசையாக.

## எதை வைத்து அளப்பது?

சத்து எவ்வளவு, விலை எவ்வளவு என்ற இரண்டை வைத்துத்தான் பொதுவாக ஒப்பிடுகிறார்கள். வேலைநாள் காலையில் அந்த இரண்டுக்கும் மூன்றாவது, நான்காவது இடம்தான்.

முதலில் பார்க்க வேண்டியது, முந்தைய நாள் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை. நம் ஊர்க் காலை உணவில் பாதி முந்தின இரவே தொடங்கிவிடுகிறது. இரவு எட்டு மணிக்கு அரிசி ஊறப்போட மறந்தவருக்குக் காலை ஆறு மணிக்கு இட்லி கிடையாது.

இரண்டாவது, காலையில் அடுப்படியில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், யார் நிற்பது என்பது. மூன்றாவது, காசு. நான்காவது, பதினொரு மணிக்குப் பசிக்குமா என்பது. ஐந்தாவதை எல்லாரும் மறந்துவிடுவார்கள்: தொட்டுக்கொள்ள என்ன? இட்லிக்குச் சட்னி வேண்டும், பொங்கலுக்கு சாம்பாரோ கொத்சோ வேண்டும். பழைய சோற்றுக்கு நான்கு சின்ன வெங்காயம் போதும். காலை நேரத்தைத் தின்பது பெரும்பாலும் இந்தப் பக்கவாத்தியம்தான்.

## வீட்டில் அரைத்த மாவு

எங்கள் அளவு, நான்குக்கு ஒன்று. இட்லி அரிசி 800 கிராம், முழு வெள்ளை உளுந்து 200 கிராம், ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரைத்து வழித்தால் ஏறக்குறைய 2.3 கிலோ மாவு வருகிறது. தராசில் வைத்தே பார்த்தேன். எங்கள் தட்டில் அது 55 இட்லி. அரிசி கிலோ 50 ரூபாய், உளுந்து 140 ரூபாய் என்று வைத்தால் உப்பு, மின்சாரம் உட்பட 70 ரூபாய். மின்சாரம் ஒரு பொருட்டே இல்லை: 150 வாட் மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடினாலும் 0.11 யூனிட்தான்.

அதே 2.3 கிலோவை எங்கள் தெருக் கடையில் கிலோ 55 ரூபாய்க்கு வாங்கினால் 126 ரூபாய். ஆக, வாரத்துக்கு மிச்சம் 56 ரூபாய். ஊறவைத்து, களைந்து, தண்ணீர் தெளித்து, வழித்து, கல்லைக் கழுவிக் கவிழ்க்க, விட்டுவிட்டுச் செய்தாலும் ஒரு மணி நேரம் போகிறது. மணிக்கு 56 ரூபாய் கூலி. 5,000 ரூபாய்க்கு மேசை கிரைண்டர் வாங்கினால் போட்ட பணம் திரும்ப ஒன்றே முக்கால் வருடம் ஆகும். அதுவும் நான்கு பேர் உள்ள வீட்டில்.

பிறகு எதற்கு அரைக்கிறேன்? மாவுக்காகத்தான். உளுந்திலேயே இருக்கும் லூக்கோநாஸ்டாக் என்னும் நுண்ணுயிரி வகைதான் மாவைப் பொங்கவைப்பதில் முன்னே நிற்கிறது. அது விடும் காற்றை உளுந்தின் வழவழப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. கிரைண்டர் கல் மெதுவாகச் சுற்றுவதால் உளுந்து சூடேறாமல் பந்து போல எழும்புகிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும். மிக்சியில் கத்தி வேகமாகச் சுழன்று மாவு சூடாகிவிடும். மிக்சிதான் இருக்கிறது என்பவர்கள் ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள், அளவை மூன்றுக்கு ஒன்று ஆக்குங்கள். கொஞ்சம் உளுந்து கூடுதலாகச் செலவாகும், இட்லி கல்லாகாது.

இதில் மறைந்திருக்கும் செலவு பருவம். சித்திரை மாதத்தில் ஐந்து மணி நேரத்தில் பொங்கிவிடும். ஒருமுறை பாத்திரத்தை முக்கால் வரை நிரப்பிவிட்டு உறங்கப்போனேன். காலையில் மூடி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்க, மேடையிலிருந்து மாவு சொட்டிச் சொட்டிக் கீழே வெங்காயக் கூடைக்குள் இறங்கியிருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "நல்ல உளுந்து" என்று மட்டும் சொன்னார். மார்கழியில் நேர்மாறு, பத்து மணி நேரமானாலும் அசையாது. உதகை, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு வருடம் முழுவதும் மார்கழிதான்: உப்பைக் காலையில் போடுங்கள், பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி வையுங்கள்.

இன்னொன்று. அரைத்த மாவு ஐந்து நாளைக்கு ஒரே மாவாக இருக்காது. திங்கள், செவ்வாய் இட்லி; புதன் தோசை; வியாழன் ஊத்தப்பம்; வெள்ளிக்கிழமை வெங்காயம் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். புளிப்பு ஏற ஏறப் பலகாரம் மாறவேண்டும். வாரம் முழுக்க இட்லிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வீட்டுக்கு இது சரிப்படாது.

யாருக்குப் பொருந்தும்: மூன்று பேருக்கு மேல் உள்ள வீடு, ஞாயிற்றுக்கிழமை ஒருவர் நிச்சயமாக வீட்டில் இருப்பார் என்ற நிலை, கல்லைத் தூக்கிக் கழுவத் தெம்புள்ள கை. முழங்கை வலி உள்ளவர்கள் மீது இந்த வேலையைச் சுமத்திவிட்டு, வீட்டு மாவின் மகிமை பேசுவது நியாயமில்லை.

## கடை மாவு

கடை மாவை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஆட்டுக்கல்லில் இரண்டு மணி நேரம் குனிந்திருந்த பெண்களுக்கு முதல் விடுதலை கிரைண்டர் என்றால், இரண்டாவது இந்தப் பாக்கெட். 2011இல் தமிழக அரசு மிக்சியும் கிரைண்டரும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கிய பிறகும் தெருவுக்குத் தெரு மாவுக் கடை பெருகியது. வீட்டில் இயந்திரம் இருந்தது, அரைக்க நேரம் இருக்கவில்லை.

பாக்கெட்டில் கவனிக்க வேண்டியவை வேறு. முதலில் அரிசிக்கும் உளுந்துக்கும் உள்ள விகிதம். உளுந்து விலை ஏறும் மாதத்தில் மாவு விலை ஏறாமல் இருந்தால், உளுந்து குறைந்திருக்கிறது என்று பொருள். தோசையில் தெரியாது, இட்லியில் தெரிந்துவிடும், ஓரம் இறுகி நடு அமுங்கும். இட்லி லேசாக மஞ்சள் தட்டினாலோ, சோப்பு போல வாடை வந்தாலோ சோடா உப்பு கூடிவிட்டது. இரண்டு முறை அப்படி வந்தால் கடையை மாற்றிவிடுங்கள். கேட்டுச் சண்டை போட்டுப் பயனில்லை.

அடுத்தது, எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது என்பது. பாக்கெட்டுக்குள் மாவு புளித்துக்கொண்டே இருக்கும். மே மாதம் ஒரு மாலை ஒரு கிலோ வாங்கி வண்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, வழியில் நண்பரிடம் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் பாக்கெட் தலையணை போல உப்பி, தையல் விட்டு, வண்டியின் காப்பீட்டுத் தாள் எல்லாம் மாவு. தப்பு என்னுடையது. கடையிலேயே உப்பிக் கிடக்கும் பாக்கெட்டையும் இதே கண்ணோடு பாருங்கள். அரைத்த தேதி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இரண்டும் அச்சாகியிருக்க வேண்டும். வாளியிலிருந்து மொண்டு தரும் தெருக் கடையில் இது எதுவும் இருக்காது. அங்கே எத்தனை மணிக்கு அரைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அந்த நேரத்தில் போய் வாங்குவதுதான் வழி. புளிக்காத மாவை வாங்கி வீட்டில் புளிக்கவைத்தால் பாதி வீட்டு மாவு ஆகிவிடும்.

சில தெருக்களில் ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் கொடுத்தால் கூலிக்கு அரைத்துத் தருகிறார்கள். உங்கள் பகுதியில் அப்படி ஒருவர் இருந்தால் மற்ற யோசனைகளை விட்டுவிடுங்கள்.

யாருக்குப் பொருந்தும்: ஓரிருவர் வாழும் வீடு, வாடகை அறை, கைக்குழந்தை உள்ள வீடு.

அரைத்தாலும் வாங்கினாலும் சட்னி அப்படியே நிற்கிறது. தேங்காய் உடைத்து, கீறி, அரைத்து, தாளித்து, மிக்சி ஜாரைக் கழுவ இருபது நிமிடம். இட்லி வேகப் பன்னிரண்டு நிமிடம்தான். வாரத்தில் மூன்று நாள் இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் என்று முடிவு செய்வது, கிரைண்டர் பற்றிய முடிவை விடப் பெரியது. பிள்ளைகளின் டப்பாவில் பொடி தடவிய இட்லிதான் மதியம் வரை கெடாமல் இருக்கும்.

## பழைய சோறும் கூழும்

காசு, நேரம் இரண்டிலும் இதை வெல்ல ஒன்றும் கிடையாது. மிஞ்சிய சோறு, தண்ணீர், உப்பு, மோர். காலையில் அடுப்பே வேண்டாம். கோடையில் வெயிலில் போகிறவர்களுக்கு நீராகாரத்தைப் போல ஒன்று வேறில்லை என்பது என் எண்ணம். நமக்கு மட்டுமல்ல, ஒடிசாவில் பகாளா என்ற பெயரில் இதைக் கொண்டாடுகிறார்கள். மார்ச் 20ஆம் தேதியை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் இதன் புகழைப் பாடும் செய்திகளைக் கொஞ்சம் தள்ளி நின்று படியுங்கள். 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்புச்சத்து பன்னிரண்டு மணி நேரம் ஊறியதும் 73.91 மில்லிகிராம் ஆகிறது என்ற கணக்கு வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். பானைக்குள் இல்லாத இரும்பை எந்த நுண்ணுயிரியும் உண்டாக்காது. புளிப்பதால் இருக்கும் இரும்பு உடலில் எளிதாகச் சேரலாம், அவ்வளவுதான்.

இதிலும் மறைந்த செலவு உண்டு, அது பாதுகாப்பு. மதியம் ஒரு மணிக்கு வடித்த சோற்றை இரவு பத்து மணி வரை மூடிவைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுவது தவறு. பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் பெருகி நஞ்சை விடும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோறு ஆறியதும் மூழ்கத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். காலையில் இதமான புளிப்பு வாடை வந்தால் சரி. நூல் விட்டால் கொட்டிவிடுங்கள். இன்னொரு சிக்கல், குக்கர். குக்கரில் குழைந்த பச்சரிசியும் மெல்லிய பொன்னியும் தண்ணீரில் கஞ்சியாகிவிடும். வடித்த புழுங்கல் அரிசிச் சோறுதான் பருக்கை பருக்கையாக நிற்கும். வடிப்பதை விட்டுவிட்ட வீடுகளில் பழைய சோறும் தானாகவே போய்விட்டது.

கூழ் விஷயம் வேறு. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசி அதன் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு, நொய்யோடு காய்ச்சி, ஆறவைத்து, மறுநாள் மோரில் கரைக்க இரண்டு இரவு வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு, தெருமுனைக் கூழ் வண்டியில் ஒரு சொம்பும் மோர் மிளகாயும்தான் நடைமுறை.

யாருக்குப் பொருந்தும்: வடித்த சோறு தினமும் மிஞ்சும் வீடு, கோடை, உடல் உழைப்பு. டப்பாவில் கட்டிக்கொடுக்க முடியாது. சர்க்கரை உள்ளவர்கள் இதை மருந்தென்று நம்பிக் கூடுதலாகச் சாப்பிடக் கூடாது; ஊறினாலும் அது சோறுதான்.

## உப்புமா, கிச்சடி, பொங்கல்

இந்த மூன்றையும் கிண்டல் செய்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று அரசுப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது பட்டியலில் பெரும்பாலும் இருந்தவை உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவைதான். தினமும் அதிகாலையில் பல பேருக்குச் சமைக்க வேண்டிய இடத்துக்கு, முந்தின நாள் அரைக்காத, புளிக்காத, ஒரே பாத்திரத்தில் முடிகிற உணவு எவ்வளவு தோது என்று பாருங்கள். மறுபக்கம், 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லியே தந்தார்கள். என் வீட்டு இட்லிக்கு மாவுச் செலவே ஒன்றே கால் ரூபாய் ஆகிறது!

ரவை உப்புமா பதினைந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமையே ரவையை வறுத்து டப்பாவில் போட்டுவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் குறையும், வண்டும் வராது. ஆறினால் மட்டும் உப்புமாவுக்கு மன்னிப்பே கிடையாது. பொங்கல் குக்கரில் அரை மணி நேரம். பாசிப்பருப்பு சேர்வதால் பதினொரு மணிப் பசியை நன்றாகத் தாங்கும். பத்து மணித் தூக்கத்தையும் கொண்டுவரும்.

## ரொட்டி, ஓட்ஸ், கார்ன் பிளேக்ஸ்

ஓட்ஸ் என்றதும் முகம் சுளிக்கும் கூட்டத்தில் நான் இல்லை. 40 கிராம் சாதா ஓட்ஸும் ஒரு குவளைப் பாலும் சேர்ந்து 11 கிராம் அளவுக்குப் புரதம் தரும். என் அளவில் நான்கு இட்லிக்குக் கணக்குப் போட்டால் 8 கிராம்தான். ஐந்து நிமிடம், ஒரு பாத்திரம். தனியாக இருப்பவருக்கு இதைவிடச் சுலபம் இல்லை. மசாலா கலந்த பாக்கெட் வகைகளில் உப்பு அதிகம், அவற்றை விட்டுவிடலாம்.

ரொட்டி வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததை நோக்கித்தான் அச்சிட வேண்டும். பழுப்பு ரொட்டி என்று வாங்கியதில் மைதா முதலில் இருந்தால் நிறத்துக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். முட்டை ஒன்றைச் சேர்த்தால் ரொட்டி உணவாகும். ஜாம் தடவினால் பண்டம். கார்ன் பிளேக்ஸ் பதினொரு மணி வரை தாங்கி நான் பார்த்ததில்லை.

## ஓட்டல் பார்சல்

மாதத்தில் இரண்டு மூன்று நாளைக்குச் சரி. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும், கொதிக்கும் சாம்பாரைப் பையில் கட்டித் தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. தூக்குப்பாத்திரம் கொண்டுபோங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | முந்தைய நாள் வேலை | காலையில் நிற்கும் நேரம் | செலவு | 11 மணிப் பசி | டப்பா |
|---|---|---|---|---|---|
| வீட்டு மாவு | வாரம் ஒரு மணி நேரம் | சட்னியோடு 35 நிமிடம், பொடியோடு 15 | குறைவு | தாங்கும் | இட்லி சரி, தோசை விறைக்கும் |
| கடை மாவு | கடைக்குப் போவது | அதே | நடுத்தரம் | உளுந்தைப் பொறுத்தது | அதே |
| பழைய சோறு | தண்ணீர் ஊற்றுவது | 5 நிமிடம் | மிகக் குறைவு | ஓரளவு | ஆகாது |
| உப்புமா | இல்லை | 15 நிமிடம் | குறைவு | ஓரளவு | ஆறினால் ஆகாது |
| பொங்கல் | இல்லை | 30 நிமிடம், குக்கர் பார்த்துக்கொள்ளும் | நடுத்தரம் | நன்றாகத் தாங்கும் | இறுகும் |
| ஓட்ஸ், ரொட்டி | இல்லை | 5 முதல் 10 நிமிடம் | நடுத்தரம் | பால், முட்டை சேர்த்தால் தாங்கும் | ரொட்டி மட்டும் |

## காபி எந்த நேரத்தில்?

எதைத் தேர்ந்தாலும் காபி அதற்கு முன்னால் வந்து நிற்கும். டிகாக்‌ஷனையும் முந்தின இரவே இறக்கி வைக்கிற வீடு எங்களுடையது. ஐந்தே முக்காலுக்குப் பால் பாக்கெட்டை வெட்டினால் ஆறு மணிக்குக் குவளை கையில். இதில் ஒரே ஒரு திருத்தம் செய்தோம். இட்லியோடு இரண்டாவது காபி குடிப்பதை நிறுத்தி, ஒரு மணி நேரம் தள்ளினோம். காபியும் தேநீரும் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ரத்தசோகை உள்ள பெண்கள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. நிறுத்திய முதல் வாரம் அம்மா என்னோடு பேசவில்லை.

## அண்ணன் மகளுக்குச் சொன்னது

இரண்டு பேருக்கு வாரம் ஒரு கிலோ மாவு போதும். அப்படியானால் அரைத்து மிச்சமாவது 25 ரூபாய். கிரைண்டருக்குப் போட்ட பணம் திரும்ப நான்கு வருடத்துக்குக் கொஞ்சம்தான் குறையும். ஆகவே, மறுபடி பேசியபோது, இப்போது வேண்டாம் என்றேன். ஞாயிறு மாலை புளிக்காத மாவு ஒரு கிலோ வாங்கி வை, திங்கள், செவ்வாய் பொடியோடு இட்லி, புதன் உப்புமா, வியாழன் மிச்ச மாவில் தோசை, வெள்ளி அவர் கேட்ட ஓட்ஸ். அந்த ஓட்ஸை அவரே காய்ச்சட்டும்.

அவள் விடவில்லை. பிறகு எப்போதாவது வாங்கினால் எதை வாங்குவது என்று கேட்டாள். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் கோயம்புத்தூர். அங்கே போகும்போது இரண்டு லிட்டர் மேசை கிரைண்டராகப் பார் என்றேன். கடைக்காரர் மோட்டாரைப் போட்டுச் சத்தத்தைக் கேட்கச் சொல்வார். அதற்கு முன்னால் உருளையையும் பாத்திரத்தையும் கழற்றி, தண்ணீர்த் தொட்டி வரை தூக்கிக்கொண்டு போய்த் திரும்பிவர வேண்டும். முதலில் உன் வீட்டுக்காரர் தூக்கட்டும், பிறகு நீ.